மரக்கூழ்ச் சமைப்பில் பசுமைக் கரைப்பானின் நிலைத்தன்மை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஆழ் யூடெக்டிக் கரைப்பான்கள் (தனித்தனியே இருப்பதைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில் உருகும் கலவைகள்), அயனித் திரவங்கள் (திரவ நிலையில் உள்ள உப்புகள்), காமா-வேலரோலாக்டோன் என்ற வளைய எஸ்டர் முதலியவற்றைக் கொண்டு மரத்திலிருந்து லிக்னினை (நார்களைப் பிணைத்திருக்கும் பொருளை) பிரித்துக் கூழாக்கும் முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: ஒருமுறை சமைத்த கரைப்பானை மீட்டு, அதே கரைப்பானில் பலமுறை சமைக்க முடிய வேண்டும். இரண்டாவது அல்லது மூன்றாவது சுழற்சியில் கூழில் லிக்னின் மிகுதியாகத் தங்கினாலோ, திரவம் கறுத்தாலோ, வாடை எழுந்தாலோ, ‘கரைப்பான் சிதைந்துவிட்டது’ என்று முடிவுகட்டிப் புதிய கரைப்பானை ஊற்றிவிடுவது வழக்கமாக இருக்கிறது. அந்த முடிவு பல நேரங்களில் தவறானது. மீட்ட கரைப்பானில் தென்படும் மாற்றத்துக்கு நீரின் அளவு மாறியிருப்பது, மரத்திலிருந்து வந்த பொருள்கள் சேர்ந்திருப்பது, கரைப்பானின் மூலக்கூறே மாறியிருப்பது என மூன்று காரணங்கள் இருக்கக்கூடும். இவற்றை இதே வரிசையில் சோதிப்பது நல்லது, ஏனெனில் முதலிரண்டையும் விலக்காமல் மூன்றாவதை மெய்ப்பிக்க முடியாது.

தொடங்குமுன்: வெற்றுச் சோதனை

எந்த அறிகுறியை ஆராய்ந்தாலும் நான்கு மாதிரிகள் கையில் இருக்க வேண்டும். முதலாவது, அறை வெப்பநிலையில் மூடிவைத்த புதிய கரைப்பான். இரண்டாவது, வெற்றுச் சோதனை மாதிரி: மரம் சேர்க்காமல், சமைப்பின் அதே வெப்பநிலையில் அதே நேரம் கண்ணாடி அல்லது டெஃப்லான் உறையிட்ட கலனில் சூடாக்கிய கரைப்பான். மூன்றாவது, அதையே சமைப்புக் கலன் செய்யப்பட்ட உலோகத்தின் துண்டு ஒன்றை உள்ளே இட்டுச் சூடாக்கியது. நான்காவது, மரச்சில்லுடன் சமைத்து வடிகட்டிய திரவம். இரண்டாவது மாதிரியில் மாற்றம் தெரிந்தால் காரணம் கரைப்பானிடமே இருக்கிறது. மூன்றாவதில் மட்டும் தெரிந்தால் உலோகத்தைச் சந்தேகிக்க வேண்டும், நான்காவதில் மட்டும் தெரிந்தால் மரத்தைச் சந்தேகிக்க வேண்டும். கீழே வரும் எல்லாப் பகுதிகளும் இந்த ஒப்பீட்டின் மேல்தான் நிற்கின்றன.

இதற்குப் பதிலாக, வெப்ப எடையளவுப் பகுப்பாய்வில் கிடைத்த ‘சிதைவு தொடங்கும் வெப்பநிலை’யைக் காட்டி, ‘200 °செ. வரை ஒன்றும் ஆகாது’ என்று வாதிடுவோர் உண்டு. நிமிடத்துக்கு 10 °செ. என்ற வேகத்தில் சூடேற்றிப் பெறும் அந்த எண், சில நிமிடங்களில் நடப்பதைத்தான் சொல்கிறது, 130 °செ. வெப்பத்தில் பல மணி நேரம் நிற்கும் திரவத்தின் கதி அதில் தெரியாது. மேலும் அந்தக் கருவி எடையிழப்பை மட்டுமே அறியும். ஆவியாதலையும் சிதைவையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது, எடை குறையாமல் நடக்கும் வினை எதுவும் அதன் கண்ணில் படவே படாது.

அறிகுறி: கரைப்பான் கெட்டியாகிறது, லிக்னின் நீக்கம் சுழற்சிக்குச் சுழற்சி குறைகிறது

கோலின் குளோரைடுடன் லாக்டிக் அமிலம் போன்ற கார்பாக்சிலிக் அமிலம் சேர்ந்த ஆழ் யூடெக்டிக் கரைப்பான்களில் மிகுதியாகக் காணப்படும் குறை இதுதான். நுட்பமும் இதில்தான் அதிகம்.

முதலில் நீரைப் பாருங்கள். இக்கரைப்பான்களின் பாகுநிலை நீரின் அளவுக்கு மிகவும் கூருணர்வு உடையது. எடையில் சில சதவீதம் நீர் குறைந்தாலே திரவம் கண்ணுக்குத் தெரியும்படி தடித்துவிடும். கார்ல் ஃபிஷர் முறையில் நீரை அளக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. மெத்தனால் கலந்த வினைப்பொருளில் கரிம அமிலம் எஸ்டராகி, அந்த வினையே நீரை உண்டாக்குவதால், முடிவுப்புள்ளி நிற்காமல் நகர்ந்துகொண்டே போய் அளவு உண்மையைவிடக் கூடுதலாக வரும். மெத்தனால் இல்லாத வினைப்பொருளைப் பயன்படுத்தி விரைந்து முடிக்க வேண்டும். குறைந்த நீரை ஈடுசெய்தபின் பாகுநிலையும் லிக்னின் நீக்கமும் பழைய நிலைக்குத் திரும்பினால் வேலை முடிந்தது.

பாகுநிலை திரும்பியும் லிக்னின் நீக்கம் திரும்பவில்லை என்றால், அடுத்த சந்தேகம் எஸ்டராக்கம். கோலினில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. அமிலத்தில் கார்பாக்சில் தொகுதி இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் கோலின் எஸ்டரும் நீரும் உண்டாவதில் வியப்பில்லை. கரைப்பானைத் தயாரிப்பதற்காக 60 முதல் 100 °செ. வரை கிளறிச் சூடாக்கும் கட்டத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. லாக்டிக் அமிலத்தில் இரு தொகுதிகளும் ஒரே மூலக்கூறில் இருப்பதால் அது தன்னோடு தானும் இணைந்து, லாக்டாயில் லாக்டிக் அமிலமாகவும் அதைவிட நீண்ட தொடர்களாகவும் மாறுகிறது. லிக்னினின் ஈதர் பிணைப்புகளை அறுக்கத் தேவையான கட்டற்ற அமிலம் இவ்வாறு பூட்டப்பட்டுவிடுவதால் சமைப்பு வலுவிழக்கிறது.

இதைக் கண்டறியப் பெரிய கருவி தேவையில்லை. பியூரெட்டும் பிஎச் மீட்டரும் போதும். கோலின் குளோரைடும் லாக்டிக் அமிலமும் 1:2 மோல் விகிதத்தில் கலந்த நீரற்ற கரைப்பானின் ஒரு கிராமில், கணக்குப்படி 6.25 மில்லிமோல் அமிலம் இருக்கும். எனவே ஒரு கிராம் மாதிரியை 50 மி.லி. குளிர்ந்த நீரில் கரைத்து, 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்தால் (சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அமிலம் தீரும் முடிவுப்புள்ளியைக் கண்டால்) 12.5 மி.லி. செலவாக வேண்டும். (0.1 மோலார் கரைசலை எடுத்தால் 62 மி.லி.க்கு மேல் தேவைப்பட்டு, பியூரெட்டை நடுவில் நிரப்ப நேரிடும்.) சமைத்த திரவம் பழுப்பாக இருப்பதால் பினாப்தலீன் என்ற நிறங்காட்டியின் நிறம் தெரியாது, பிஎச் மீட்டரையே நம்ப வேண்டும். விரைந்தும் குளிர்ந்த நிலையிலும் செய்வது முக்கியம், ஏனெனில் முடிவுப்புள்ளிக்கு அருகே காரம் எஸ்டரை உடைக்கத் தொடங்கிவிடும்.

முடிவுப்புள்ளிக்குப்பின் அதே குடுவையில் மேலும் 10 மி.லி. காரத்தைச் சேர்த்து, மூடிவைத்து, கொதிக்கவிடாமல் சுமார் 20 நிமிடம் சூடாக்கி, ஆறவைத்து, எஞ்சிய காரத்தை 0.25 மோலார் கந்தக அமிலத்தால் திரும்பத் தரம்பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, முதல் தரம்பார்த்தலில் 10.6 மி.லி. செலவாகி, இரண்டாவதில் 8.2 மி.லி. கந்தக அமிலம் தேவைப்பட்டால், கட்டற்ற அமிலம் 5.3 மில்லிமோல், எஸ்டராகப் பூட்டப்பட்டது 0.9 மில்லிமோல்; கூட்டினால் 6.2. அமிலம் அழியவில்லை, மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது இதன் பொருள். கூட்டுத்தொகையே கணிசமாகக் குறைந்திருந்தால் அமிலம் ஆவியாகவோ சிதையவோ செய்திருக்கிறது. மூடிய கலனில் சமைத்திருந்தால் மொத்த எடை மாறாது என்பதால், தொடக்கத்தில் இருந்த நீரின் எடையை மட்டும் கழித்துக் கணக்கிடலாம்.

இந்தச் சோதனையில் இரண்டு இடறல்கள் உண்டு. கடைகளில் கிடைக்கும் 85 முதல் 90 சதவீத லாக்டிக் அமிலத்தில் தொடக்கத்திலேயே சிறிதளவு சுய எஸ்டர் இருக்கும். ஆகவே ஒப்பீடு எப்போதும் காகிதக் கணக்கோடு அன்றி, புதிய கரைப்பானின் தரம்பார்த்தலோடு இருக்க வேண்டும். இரண்டாவதாக, மரத்தின் ஹெமிசெல்லுலோஸிலிருந்து (செல்லுலோஸோடு சேர்ந்திருக்கும் வேறு சர்க்கரைத் தொடர்களிலிருந்து) பிரியும் அசிட்டிக் அமிலமும், கரைந்திருக்கும் லிக்னினின் அமிலத் தொகுதிகளும் காரத்தைச் செலவிடும் என்பதால், மரத்துடன் சமைத்த மாதிரியின் அளவு உண்மையைவிட நல்லதாகத் தோன்றக்கூடும். வெற்றுச் சோதனை மாதிரியில் இந்த மயக்கம் இல்லை. என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) வசதி இருந்தால் ஐயமே இல்லை: புரோட்டான் நிறமாலையில் கோலினின் ஹைட்ராக்சிலை ஒட்டிய மெத்திலீன் 4.0 பிபிஎம் அருகே நிற்கும், எஸ்டரானால் 4.5 அருகே நகரும்.

எஸ்டராக்கம் மீளத்தக்க வினை என்பதால், தீர்வு கரைப்பானைக் கொட்டிவிடுவதன்று. எடையில் 20 முதல் 30 சதவீதம் வரை நீர் சேர்த்து, 90 முதல் 100 °செ. வரை சில மணி நேரம் வைத்திருந்தால், கரைப்பானின் அமிலமே ஊக்கியாகி எஸ்டரின் பெரும்பகுதி நீராற்பகுப்பு அடையும். தரம்பார்த்தல் எண் அசையாமல் நின்றதும் நிறுத்தலாம். அதன்பின் நீரை எப்படி நீக்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. லிக்னினை வீழ்படிவாக்க ஒவ்வொரு சுழற்சியிலும் நிறைய நீர் சேர்த்து, பின்பு அதை ஆவியாக்குகிறோம்; கடைசிச் சொட்டு நீரையும் துரத்தும் அந்த நேரத்தில் சமநிலை எஸ்டரின் பக்கமே தள்ளப்படுகிறது. என் மதிப்பீட்டில், இவ்வகைக் கரைப்பானை டைஜஸ்டரைவிட (சமைப்புக் கலனைவிட) ஆவியாக்கியே அதிகம் கெடுக்கிறது. ஆகவே குறைந்த அழுத்தத்தில், 60 °செ.க்கு மேற்படாமல், 10 சதவீதத்துக்குக் குறையாத நீரை விட்டுவைத்து நிறுத்துவது நல்லது. அந்த நீர் பாகுநிலையையும் தணிக்கும், சில்லுக்குள் திரவம் ஊடுருவவும் உதவும். கோலினுக்குப் பதிலாக ஹைட்ராக்சில் இல்லாத பீட்டைனைப் பயன்படுத்தினால் கோலின் எஸ்டர் உண்டாகாது. ஆனால் லாக்டிக் அமிலத்தின் சுய எஸ்டராக்கம் அப்படியேதான் இருக்கும்.

அறிகுறி: மீன் வாடை அல்லது அமோனியா நெடி

மீன் வாடைக்குக் காரணம், கோலின் சிதைந்தால் உண்டாகும் டிரைமெத்தில் அமீன். மிகக் குறைந்த செறிவிலேயே மூக்குக்குத் தெரியும் பொருள் என்பதால், வாடை வந்தவுடன் பெருமளவு சிதைவு நடந்துவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. கால்நடைத் தீவனத் தரத்திலான கோலின் குளோரைடுக்குப் பையைப் பிரிக்கும்போதே இந்த வாடை இருக்கும். முதலில் மூலப்பொருளைச் சோதியுங்கள்.

எதிர்த்திசையிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. அமிலக் கரைப்பானில் உண்டாகும் அமீன் உடனே உப்பாக மாறிவிடுவதால், சிதைவு நடந்திருந்தும் வாடையே வராமல் இருக்கலாம். சில மி.லி. மாதிரியைப் புகைக்கூண்டுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வக அறைக்குள்) குளிர்ந்த நிலையில் காரமாக்கி, குடுவையின் வாயில் ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைப் பிடித்தால், கட்டவிழ்ந்த அமீன் அதை நீலமாக்கும். சூடாக்கக் கூடாது, ஏனெனில் வலுவான காரத்தில் சூடேறினால் நல்ல கோலினே சிதைந்து அமீனைத் தந்துவிடும். புதிய கரைப்பானையும் பக்கத்தில் அதேபோல் சோதித்து ஒப்பிட வேண்டும்.

அமோனியா நெடி என்றால் யூரியாவைப் பாருங்கள். கோலின் குளோரைடு–யூரியா கலவை அறை வெப்பநிலையில் அழகான திரவம். ஆனால் 80 °செ.க்கு மேல் நீண்ட நேரம் வைத்தால் யூரியா அமோனியாவாகவும் ஐசோசயனிக் அமிலமாகவும் பிரியத் தொடங்குகிறது, திரவத்தின் காரத்தன்மை ஏறுகிறது, நீர் இருந்தால் கார்பன் டைஆக்சைடும் சேர்ந்து ஆவி ஒடுக்கியின் குளிர்ந்த பகுதியில் அமோனியம் கார்பமேட் வெண்படலமாகப் படிகிறது. இதற்குச் சீர்செய்யும் வழி எதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். 100 °செ.க்கு மேல் சமைக்க வேண்டிய மரத்துக்கு இந்தக் கலவை பொருத்தமில்லை. தாழ்ந்த வெப்பநிலையில் நாரை ஊறவைத்து உப்பவைக்கும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: திரவம் கறுக்கிறது

நிறத்தை மட்டும் வைத்துக் கரைப்பானைத் தள்ளிவைப்பதுதான் இத்துறையில் நடக்கும் பெரிய வீண்செலவு. கரைந்த லிக்னினே கறுப்பு. அதோடு, அமிலச் சூழலில் சைலோஸ் ஃபர்ஃபுராலாகவும் குளுக்கோஸ் ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபுராலாகவும் மாறி, அவை மேலும் இணைந்து கரையாத கரும்பழுப்புப் பொருளாகின்றன. வெற்றுச் சோதனை மாதிரி வெளிர்நிறமாகவே இருந்தால் கரைப்பான்மேல் குற்றமில்லை. அந்த மாதிரியிலேயே சிறிது சைலோஸ் சேர்த்து மீண்டும் சூடாக்கிப் பாருங்கள். கறுத்தால் காரணம் சர்க்கரை என்பது கையோடு தெரிந்துவிடும்.

புற ஊதா ஒளி உறிஞ்சலை அளந்து ஃபர்ஃபுராலைக் கண்டுபிடிக்க முயல்வது பயன் தராது. ஃபர்ஃபுராலின் உச்சம் 277 நானோமீட்டர் அருகே, ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபுராலின் உச்சம் 284 அருகே, லிக்னினின் உச்சம் இவற்றுக்கு நடுவே 280 அருகே. திரவ நிறப்பிரிகை முறையில் பிரித்தே அளக்க வேண்டும். கூழின்மேல் படியும் கரும்பழுப்புப் பொருள், லிக்னினை அளக்கும் கந்தக அமிலச் சோதனையில் லிக்னினைப் போலவே கரையாமல் எஞ்சுவதால், சமைப்பு நேரத்தைக் கூட்டக் கூட்டக் கூழின் ‘லிக்னின்’ அளவு ஏறுவதுபோல் தோன்றும். அப்போது நேரத்தைக் குறைப்பதே மருந்து.

அறிகுறி: ஆறியபின்னும் கலனில் அழுத்தம் இறங்கவில்லை

அறை வெப்பநிலைக்கு வந்தபின்னும் அழுத்தமானி தொடக்க அளவுக்குத் திரும்பவில்லை என்றால், ஒடுங்காத வாயு உண்டாகியிருக்கிறது. மூடியைத் திறக்குமுன் இதைப் படியுங்கள்: கரைப்பானில் ஆக்சாலிக் அமிலம் சேர்ந்திருந்தால், அது சூட்டில் கார்பன் டைஆக்சைடை இழந்து ஃபார்மிக் அமிலமாகிறது, ஃபார்மிக் அமிலம் கார்பன் மோனாக்சைடாகவும் நீராகவும் பிரியக்கூடும். நேரடியாக ஃபார்மிக் அமிலத்தில் சமைக்கும் முறைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். நிறமும் மணமும் இல்லாத அந்த நச்சு வாயுவைச் சுண்ணாம்பு நீர் காட்டிக்கொடுக்காது; பால்போல் கலங்கினால் கார்பன் டைஆக்சைடு இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். காற்றோட்டமான புகைக்கூண்டில், கார்பன் மோனாக்சைடு உணரியை அருகில் வைத்து, மெதுவாக வெளியேற்ற வேண்டும்.

மரத்தின் யுரோனிக் அமிலங்களும் (ஹெமிசெல்லுலோஸில் உள்ள சர்க்கரை அமிலங்களும்) சமைப்பில் கார்பன் டைஆக்சைடைத் தருவதால், எஞ்சிய அழுத்தம் முழுவதையும் ஆக்சாலிக் அமிலத்தின் கணக்கில் எழுதக் கூடாது. வெற்றுச் சோதனையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டு வேறுபாட்டைப் பாருங்கள். அமில ஊக்கியுடன் எத்தனாலில் 180 °செ.க்கு மேல் சமைத்தால் டைஎத்தில் ஈதர் உண்டாகலாம். அது 35 °செ.க்குக் கீழேயே கொதிப்பதாலும் எளிதில் தீப்பற்றுவதாலும், கலனை நன்கு குளிரவைக்காமல் திறப்பது ஆபத்து. மீட்கும் எத்தனால் சுழற்சிதோறும் குறைவதற்கு, ஈதரோடு, லிக்னினின் பக்கச்சங்கிலியில் எத்தாக்சித் தொகுதி ஏறிக்கொள்வதும் ஒரு காரணம்.

அறிகுறி: காமா-வேலரோலாக்டோனின் மீட்பளவு குறைகிறது

இந்தக் கரைப்பான் ஏறத்தாழ 207 °செ.யில் கொதிக்கிறது, நீருடன் மாறாக்கொதிகலவை (காய்ச்சி வடித்துப் பிரிக்க முடியாத கலவை) ஆவதில்லை, காற்றில் பெராக்சைடு (வெடிக்கக்கூடிய சேர்மம்) சேர்ப்பதும் அளவிடத்தக்க அளவில் இல்லை. நடுநிலை நீர்க்கலவையில் இதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அமிலம் இருக்கும் நீர்க்கலவையில் மூலக்கூறுகளில் ஒரு சிறு பங்கின் வளையம் திறந்து 4-ஹைட்ராக்சி வேலரிக் அமிலமாகிச் சமநிலையில் நிற்கும், அது இழப்பன்று.

உண்மையான இழப்பு, ஊக்கியாகச் சேர்த்த கந்தக அமிலத்தைச் சமைத்தபின் நடுநிலையாக்கும் இடத்தில் நடக்கிறது. காரம் மிகுந்தால் வளையம் திறந்து உப்பாகிவிடும். அந்த உப்பு ஆவியாகாது என்பதால் காய்ச்சி வடிக்கும்போது அடியில் தங்கிவிடும். மிகுதியாக விழும் ஒவ்வொரு 40 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடும் 100 கிராம் கரைப்பானைக் கட்டிப்போடும். கூழைக் காரத்தால் கழுவும் ஆலையில் கழுவுநீர் கரைப்பான் தொட்டிக்குத் திரும்பினாலும் இதே கதைதான். அடிக்கசடை அமிலமாக்கிச் சூடாக்கினால் வளையம் மறுபடி மூடும். எனவே கசடைக் கொட்டுமுன் ஒரு சிறு மாதிரியில் முயன்று பாருங்கள். நடுநிலையாக்கலில் பிஎச் 7-ஐத் தாண்டவிடாமல் சிறிது அமிலப் பக்கமே நிறுத்துவது எளிய தடுப்பு.

அறிகுறி: கழுவியும் கூழில் நைட்ரஜன் தங்குகிறது

1-எத்தில்-3-மெத்தில் இமிடசோலியம் அசிட்டேட் போன்ற அயனித் திரவங்களில் இது வரும். அசிட்டேட் காரத்தன்மை உள்ளதால் இமிடசோலியம் வளையத்தின் இரண்டாம் கார்பனிலிருந்து புரோட்டான் விலகி, அந்தக் கார்பன் செல்லுலோஸ் சங்கிலியின் ஒடுக்கும் முனையோடு பிணைந்துவிடுகிறது. அது வேதிப்பிணைப்பு என்பதால் எத்தனை முறை கழுவினாலும் போகாது; வெப்பநிலையைக் குறைப்பதும் நேரத்தைச் சுருக்குவதுமே வழி. கரைப்பானில் 1-மெத்தில் இமிடசோல் தென்பட்டால் அது வெப்பச்சிதைவின் அடையாளம்.

டயசாபைசைக்ளோநோனீன் அசிட்டேட் என்ற மற்றோர் அயனித் திரவத்தில் குறை வேறு. நீரும் மிகுதியான காரமும் சேர்ந்தால் அதன் இரட்டை வளையத்தில் ஒன்று நீராற்பகுப்பால் திறந்து, அமினோபுரோப்பைல் பிரோலிடோனாகிறது. செல்லுலோஸைக் கரைக்கும் திறன் குறைகிறது. நீர் கலந்த நிலையில் சூட்டில் நிறுத்திவைக்காமலும், காரத்தின் பங்கு அமிலத்தை விஞ்சாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: திரவத்தில் பச்சை சாயல், கலனில் நுண்குழிகள்

மூன்றாவது மாதிரியில் இட்ட உலோகத்துண்டை எடுத்து எடைபோடுங்கள். குளோரைடும் அமிலமும் சேர்ந்து 100 °செ.க்கு மேல் நின்றால் 316எல் துருப்பிடிக்காத எஃகிலும் குழி விழும். கரைந்த இரும்பும் நிக்கலும் குரோமியமும் திரவத்துக்கு நிறமூட்டுகின்றன. ஆய்வகத்தில் டெஃப்லான் உறை போதுமானது. குளோரைடுக்கு அஞ்சி டைட்டேனியக் கலனுக்கு மாறுவோர், தம் கரைப்பானில் ஆக்சாலிக் அமிலம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சூடான ஆக்சாலிக் அமிலம் டைட்டேனியத்தை அரிக்கும்.

அறிகுறி: பொட்டாசியம் அயோடைடு சோதனையில் மஞ்சள் நிறம்

டெட்ராஹைட்ரோஃபியூரான், 2-மெத்தில் டெட்ராஹைட்ரோஃபியூரான் ஆகிய ஈதர் வகைக் கரைப்பான்கள் காற்றில் பெராக்சைடு சேர்க்கும். விற்பனையில் வரும்போது கலந்திருக்கும் நிலைப்படுத்தி, காய்ச்சி வடிக்கும்போது அடியிலேயே தங்கிவிடுவதால், மீட்ட கரைப்பானுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒவ்வொரு வடித்தலுக்கும் முன் சோதியுங்கள். நிறம் வந்தால் பெராக்சைடை ஒடுக்கி நீக்காமல் வடிக்கவே கூடாது. மீட்டதும் நிலைப்படுத்தியை மீண்டும் சேர்த்து, நைட்ரஜன் நிரப்பி, இருட்டில் வையுங்கள்.

அறிகுறி: வெப்பப் பரிமாற்றியில் கடினமான வெண்படிவு, ஆக்சாலிக் அமிலம் குறைகிறது

இங்கே கரைப்பான் சிதைவதே இல்லை. மரத்தின் சாம்பலில் மிகுதியாக உள்ள உலோகம் கால்சியம். ஆக்சாலிக் அமிலம் அதைப் பிடித்துக் கால்சியம் ஆக்சலேட்டாகப் படியவைக்கிறது. பட்டையில் கால்சியம் கூடுதல் என்பதால், சரியாகப் பட்டை உரிக்காத சில்லு வந்த நாள்களில் படிவு பெருகும். படிவை ஒரு துளி நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் இட்டால் கரையாது, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரைக்காமல் கரையும்; கார்பனேட்டாக இருந்தால் இரண்டிலும் நுரைத்துக் கரைந்திருக்கும். சில்லை நீர்த்த அமிலத்தால் முன்கூட்டிக் கழுவினால் கால்சியத்தின் ஒரு பகுதி சமைப்புக்கு முன்பே போய்விடும். எஞ்சிய பகுதி பிடித்துக்கொண்ட அமிலத்தைத் தரம்பார்த்து ஈடுசெய்தால் போதும், கரைப்பானை மாற்ற வேண்டியதில்லை.